டிமீட்டரை ஏன் வில்லி ஆக்குகிறார்கள்? கிரேக்கப் புராணக் காதல் நாவல்கள் படிப்பவர்கள் வாருங்கள்

மாதுளம்பூ | #1

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன லீவுக்கு வந்தபோது அவள் பையில் நாலு நாவல்கள் இருந்தன, நாலுமே கிரேக்கப் புராணத்தைக் காதல் கதையாகத் திருப்பி எழுதினவை. அவள் தூங்கின பிறகு ஒன்றை எடுத்தேன், விடிவதற்குள் முடித்துவிட்டேன், அப்புறம் மற்றதையும். பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், எழுத்து இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் பெர்சிஃபனி – ஹேடீஸ் கதையை வைத்து எழுதினதைப் படிக்கும்போது மட்டும் நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டது. என்னவென்று எனக்கே தெளிவாக இரண்டு நாள் ஆனது.

மூலக்கதை, பயிர்த் தெய்வமான டிமீட்டரைப் பற்றி ஹோமர் பெயரில் வழங்கும் துதியில் இருக்கிறது. கிட்டத்தட்ட 495 வரி, ஒரே மூச்சில் படித்துவிடலாம். டிமீட்டரின் மகள் பெர்சிஃபனி தோழிகளோடு பூப்பறிக்கிறாள். ரோஜா, குங்குமப்பூ, வயலெட், கடைசியில் ஒரு நார்சிசஸ். ஒரே வேரிலிருந்து நூறு பூ பூத்த செடி, அவளைப் பிடிக்கவென்றே பூமி முளைக்கவைத்தது. கையை நீட்டுகிறாள், தரை பிளக்கிறது, பாதாளத்திலிருந்து ஹேடீஸ் தேரில் வந்து தூக்கிக்கொண்டு போகிறான். அவள் அப்பா, தேவர்களின் ராஜா சீயஸ் முன்பே சம்மதம் கொடுத்துவிட்டார். அவளிடமும் கேட்கவில்லை, அம்மாவிடமும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கதை யாருடையது? அம்மாவுடையது. மகளின் கூக்குரல் மலையுச்சிகளிலும் கடலடியிலும் எதிரொலித்துக் காதில் விழுந்ததும் தலைமுக்காட்டைக் கிழித்துக்கொண்டு பறவைபோலக் கிளம்புகிறாள். ஒன்பது நாள் கையில் தீவட்டியோடு அலைகிறாள், சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. கடைசியில் விதை முளைக்கக்கூடாது என்று உலகத்தையே பட்டினி போடுகிறாள். தேவர்கள் ஒவ்வொருவராக வந்து கெஞ்சுகிறார்கள், அசையவில்லை. கிரேக்கக் கதைகளில் ஒரு பெண் சீயஸை இறங்கி வரவைத்த இடம் இது.

இப்போதைய காதல் நாவல்களில் இந்த அம்மா என்ன ஆகிறாள்? மகளைப் பூட்டி வைப்பவள், அவள் வளர்வதைப் பொறுக்காதவள், பசுமைக்கூடத்துக்குள் அடைப்பவள். ஹேடீஸோ காயப்பட்ட மனசுள்ள, கறுப்பு உடை போட்ட, நல்ல ஆண். பறித்துக்கொண்டு போனவன் விடுதலை தருபவன் ஆகிவிட்டான், தேடிப் போனவள் சிறைக்காவலாளி ஆகிவிட்டாள். காதல் கதையாக்கியது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் துதி ஏற்கெனவே காதல் கதைதான், அம்மாவுக்கும் மகளுக்குமான காதல். அதை எடுத்துப்போட்டுவிட்டு வேறொன்றை வைக்கிறோம். உங்களுக்கெல்லாம் இது தோன்றவில்லையா?

---

ராத்திரிவாசகி | #2

அக்கா, நீங்கள் எழுதினது மனசைத் தொட்டது, ஆனால் நான் எதிர்ப்பக்கம். மன்னிக்கவும், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அந்தத் துதியில் பெர்சிஃபனி என்ன விரும்பினாள் என்று யாராவது கேட்டார்களா? அப்பா கொடுக்கிறார், மாமா எடுக்கிறார், அம்மா மீட்கிறாள், கடைசியில் வருஷத்தை மூன்றாகப் பங்கு போட்டு ஒரு பங்கு கீழே, இரண்டு பங்கு மேலே என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். சொத்துப் பிரிக்கிற மாதிரி. ஹேடீஸ் பாதாள உலகத்தின் ராஜா, அவள் அங்கே ராணி. ஹோமரின் ஒடிசியில் அவளைப் பயங்கரமான பெர்சிஃபனி என்றே சொல்கிறார்கள். பூப்பறித்த குழந்தை எப்படி அந்தப் பயங்கர ராணி ஆனாள்? நடுவில் ஒன்றுமே இல்லை, பெரிய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் இன்றைய எழுத்தாளர்கள் நுழைகிறார்கள். அவளுக்கும் ஆசை இருந்தது, அவளும் ஒரு முடிவெடுத்தாள், தின்றால் பாதாளத்துக்கே திரும்பியாக வேண்டும் என்ற மாதுளையைத் தெரிந்தே தின்றாள் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போதுதான் அவள் பொருளாக இல்லாமல் ஆளாகிறாள்.

இதே ஜோடியைப் பற்றிய "லோர் ஒலிம்பஸ்" என்ற சித்திரக்கதைத் தொடர் வெப்டூன் இணையதளத்தில் 2018இல் ஆரம்பித்து 2024இல் முடிந்தது, 2022இல் ஐஸ்னர் விருது வாங்கியது. ஒவ்வொரு வாரமும் காத்திருந்து படித்தவள் நான். பெண்ணின் சம்மதம் என்பதை அதில் பேசிய அளவுக்கு என் வீட்டிலோ பள்ளியிலோ யாரும் என்னிடம் பேசியதில்லை.

இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் அம்மாவாகப் படிக்கிறீர்கள். நான் மகளாகப் படிக்கிறேன். எல்லா அம்மாவும் தீவட்டி பிடித்துத் தேடுகிறவள் இல்லை. பூட்டி வைக்கிற அம்மாவும் உண்டு. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவளுக்கு அந்த நாவல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

---

பழையஏடு | #3

இரண்டு பேருமே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் கொஞ்சம் பழைய பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் மாதுளை. துதியில் கதைசொல்லி, ஹேடீஸ் ரகசியமாக ஒரு மாதுளை விதையைக் கொடுத்தான் என்கிறார். மகள் அம்மாவிடம் சொல்லும்போது, வற்புறுத்தித் தின்னவைத்தான் என்கிறாள். ஆகத் துதியில் தெரிந்தே தின்றது என்பது இல்லை. ஆனால் கி.பி. 8 வாக்கில் ரோமக் கவி ஒவிட் எழுதின மெட்டமார்ஃபசிஸில் அவள் தோட்டத்தில் திரிந்துகொண்டிருக்கும்போது தானே பறித்து ஏழு விதை தின்கிறாள். யாரும் கொடுக்கவில்லை. ஆக #2 சொல்லும் அந்த "தானே" என்பதற்கு இரண்டாயிரம் வருட வயது.

காதலும் அங்கேதான் நுழைகிறது. துதியில் ஹேடீஸ் காதலித்ததாக ஒரு வார்த்தை கிடையாது, கூடப்பிறந்த சீயஸ் பெண் கொடுத்தார், வந்து எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஒவிட் கதையில் காதல் தெய்வம் வீனஸ் தன் மகனிடம், பாதாளம் மட்டும் நம் ஆட்சிக்கு வெளியே இருக்கிறது, ஒரு அம்பு விடு என்கிறாள். அம்பு தைக்கிறது, பார்த்தான், விரும்பினான், தூக்கினான். சிசிலியில் என்னா ஊருக்குப் பக்கத்து ஏரிக்கரையில். அவள் மடியிலிருந்த பூக்கள் சிதறுகின்றன, அதற்காகவும் அவள் அழுகிறாள் என்று ஒரு வரி போடுகிறார், அவ்வளவு சின்னப் பெண். அந்த ஒரு வரிக்காகவே ஒவிட்டை மன்னிக்கலாம்.

போகிற வழியில் சயனி என்று ஒரு நீர்த்தேவதை தேரை மறிக்கிறாள். அவள் சொல்வதன் சாரம்: பெண் கேட்டு வந்திருக்க வேண்டும், பறித்துக்கொண்டு போகக்கூடாது, அம்மாவின் விருப்பம் இல்லாமல் நீ மருமகன் ஆக முடியாது. என்னையும் ஒருவன் விரும்பினான், கேட்டுத்தான் கட்டிக்கொண்டான் என்றும் சொல்கிறாள். அவன் கேட்கவில்லை, செங்கோலை அவள் குளத்துக்குள் எறிந்து வழி பிளந்துகொண்டு போகிறான். இவள் துக்கத்தில் கரைந்து தண்ணீராகவே ஆகிவிடுகிறாள். இந்த நாவல்களில் ஒன்றிலாவது சயனி வருகிறாளா? நான் படித்த வரையில் இல்லை.

இப்போது #2க்குச் சாதகமாக ஒன்று. தென் இத்தாலியில் லோக்ரி என்ற கிரேக்கக் குடியேற்றம். அங்கே கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகள் ஏராளமாகக் கிடைத்தன, இன்று ரெஜ்ஜோ கலாப்ரியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் பெர்சிஃபனியும் ஹேடீஸும் ஜோடியாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் சேவல். லோக்ரியில் அவள் கல்யாணத்துக்குரிய தெய்வம், மணப்பெண்கள் அவளுக்குக் காணிக்கை வைத்தார்கள். அதே பலகைகளில் தூக்கிக்கொண்டு போகிற காட்சியும் உண்டு. ஒரே ஊரில், ஒரே கோவிலில், இரண்டும்.

அப்பா கை காட்டினவனுக்குப் பதினாலு பதினைந்து வயதில் வாழ்க்கைப்பட்டு, அம்மா வீட்டைவிட்டு, முன்பின் தெரியாத வீட்டுக்குப் போன பெண்ணுக்கு இந்தக் கதை புராணமாகவா பட்டிருக்கும்? நடந்த கதையாகத்தான் பட்டிருக்கும். அம்மாவுக்கும் அப்படியே.

---

சேலத்துப் பையன் | #4

நான் பெர்சிஃபனி பக்கம் அதிகம் போனதில்லை. என்னை இந்த உலகத்துக்குள் இழுத்தது மேட்லின் மில்லரின் "த சாங் ஆஃப் அக்கிலீஸ்". 2011இல் வந்தது, எழுத அவருக்குப் பத்து வருடம் பிடித்ததாம், 2012இல் ஆரஞ்சு பரிசு கிடைத்தது. ஹோமரின் இலியட்டில், ட்ராய் போரில் அக்கிலீஸோடு கூடவே இருக்கிற பாட்ரோக்லஸ் தன் வாயால் சொல்கிற மாதிரி கதை, செத்த பிறகும் அவன்தான் சொல்லிக்கொண்டு போகிறான், கல்லறையில் தன் பெயர் இல்லாமல் தவிக்கிறான். கடைசிப் பக்கத்தைப் பேருந்தில் படித்துவிட்டுத் தர்மபுரி வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அவர்கள் இரண்டு பேரையும் காதலர்கள் ஆக்கியது இந்தக் காலத்துக்காரர்களின் வேலை என்று எங்கள் குழுவில் ஒருவர் சண்டை போட்டார். உண்மையில் அப்படியா? பழையஏடு அண்ணா, தெரிந்தால் சொல்லுங்கள்.

---

பழையஏடு | #5

இல்லை தம்பி. ஈஸ்கிலஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே "மிர்மிடான்கள்" என்ற நாடகத்தில் அவர்களைக் காதலர்களாக வைத்துவிட்டார். நாடகம் தொலைந்துவிட்டது, துண்டுகள்தான் இருக்கின்றன. பிளேட்டோவின் விருந்து உரையாடலில் ஃபீட்ரஸ் என்பவர், ஈஸ்கிலஸ் உளறுகிறார் என்கிறார். காதலர்கள் இல்லை என்று சொல்லவரவில்லை, அக்கிலீஸ்தான் இளையவன், அழகன், ஆகவே யார் விரும்பியவன், யார் விரும்பப்பட்டவன் என்பதை ஈஸ்கிலஸ் மாற்றிப்போட்டுவிட்டார் என்று சண்டை! செனஃபன் எழுதின விருந்தில் சாக்ரடீஸ், ஹோமர் அவர்களைத் தோழர்களாகத்தான் காட்டுகிறார் என்கிறார். கி.மு. 345இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் ஈஸ்கினிஸ் பேசும்போது, ஹோமர் அந்த அன்புக்குப் பெயர் வைக்காமல் மறைக்கிறார், படித்தவனுக்குப் புரியும் என்று விட்டார் என்கிறார். அந்தக் குழு நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், இந்தச் சண்டை அவர் ஆரம்பித்ததே இல்லை.

பெர்லினில் ஒரு கிண்ணம் இருக்கிறது, கி.மு. 500 வாக்கில் செய்தது, சோசியாஸ் கிண்ணம் என்பார்கள். அக்கிலீஸ் குனிந்து பாட்ரோக்லஸின் கைக்குக் கட்டுப் போடுகிறான். பாட்ரோக்லஸுக்குத் தாடி இருக்கிறது, வயதில் மூத்தவன். வலியில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான், பல் தெரிகிறது. அக்கிலீஸின் கண் முழுக்கக் கட்டின்மேல். படம் தேடிப் பாருங்கள்.

---

கரிசல்காடு | #6

எல்லாவற்றையும் காதல் என்று சொன்னால்தான் அன்பு பெரிதாகிறதா என்று ஒரு கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. பாட்ரோக்லஸ் செத்ததும் அக்கிலீஸ், என் தலைக்குச் சமமாக அவனை மதித்தேன் என்று அம்மாவிடம் அழுகிறான். இரண்டு கையாலும் சாம்பலை அள்ளித் தலையில் கொட்டிக்கொள்கிறான், கழுத்தை அறுத்துக்கொள்வானோ என்று பயந்து ஆன்டிலோகஸ் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். பேயாக வந்த பாட்ரோக்லஸ் கடைசியாகக் கேட்பது, நம் எலும்புகள் ஒரே பொற்கலத்தில் இருக்கட்டும்.

புறநானூறு படித்தவர்களுக்குக் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஞாபகம் வராமல் இருக்காது. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, சோழன் வடக்கிருக்கும்போது அவர் வருவார், இடம் ஒதுக்குங்கள் என்றான், வந்தார், கூட உட்கார்ந்து உயிர்விட்டார். அதற்குப் பெயர் நட்புதான். நட்பு என்ற சொல் போதவில்லை என்று நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மில்லர் எழுதினது தப்பென்று சொல்லவில்லை. ஹோமர் பெயர் வைக்காமல் விட்ட இடத்தில் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

---

சேலத்துப் பையன் | #7

கரிசல்காடு அண்ணா, நட்பு என்று சொல்லிவிட்டால் சிலருக்கு நிம்மதியாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பிரச்சினை. என்னைப்போல் ஒருவனுக்குப் பெயர் வைத்துச் சொன்ன கதை ஒன்று தேவைப்பட்டது. வேறு எதுவும் இல்லை.

---

கரிசல்காடு | #8

புரிகிறது தம்பி. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. நீ சொன்னதை வைத்துக்கொண்டு மறுபடி படிக்கிறேன்.

---

வெண்கலமணி | #9

அக்கிலீஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன், மாதுளம்பூ கேட்ட கேள்வி இங்கேயும் பொருந்தும். காதல் கதை ஆகும்போது யார் வெளியே தள்ளப்படுகிறார்கள்?

பிரிசெயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். லிர்னெசஸ் ஊரை அக்கிலீஸ் சூறையாடினான், அவள் கணவனையும் மூன்று சகோதரர்களையும் இழந்தாள், அவனுக்கே பரிசாகக் கிடைத்தாள். மில்லர் நாவலில் பாட்ரோக்லஸ் சொல்லி அக்கிலீஸ் அவளைக் கேட்டு வாங்குகிறான், மற்ற வீரர்களிடமிருந்து காப்பாற்ற. அவளை யாரும் தொடுவதில்லை. கூடாரத்தில் எல்லோரும் சேர்ந்து சமைத்துக் கதை பேசி ஒரு குடும்பம்போல் இருக்கிறார்கள். படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் இலியட் ஒன்பதாம் காண்டத்தின் கடைசியில் ஹோமர் என்ன சொல்கிறார்? அன்று ராத்திரி அக்கிலீஸ் பக்கத்தில் லெஸ்பாஸிலிருந்து பிடித்துவந்த டயொமீடி படுத்தாள், எதிர்ப்பக்கம் பாட்ரோக்லஸ் பக்கத்தில் இஃபிஸ் படுத்தாள், அவளை அவனுக்குக் கொடுத்ததே அக்கிலீஸ்தான். ஐந்தாறு வரி, அவ்வளவுதான். அந்த இரண்டு பெண்களும் அப்புறம் வாயே திறப்பதில்லை. இரண்டு ஆண்களின் காதல் சுத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் இந்த இரண்டு பெண்களையும் கூடாரத்திலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கிறது. நாவலாசிரியர் எடுத்துவிட்டார்.

சேலத்துத் தம்பி, உங்களுக்கு அந்தப் புத்தகம் என்னவாக இருந்தது என்பதை நான் குறைக்கவில்லை. எனக்கும் அது பிடித்த புத்தகம்தான். ஆனால் அடுத்ததாக பாட் பார்க்கரின் "த சைலன்ஸ் ஆஃப் த கேர்ள்ஸ்" படியுங்கள், 2018. அதில் பிரிசெயிஸ்தான் பேசுகிறாள். மகனைக் கொன்றவனின் கையை முத்தமிட்டேன், எனக்கு முன்னால் எந்த மனிதனும் செய்யாதது என்று ட்ராய் ராஜா, கிழவர் பிரையம் அழுகிறாரே, இலியட்டின் உச்சக்காட்சி, அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற பிரிசெயிஸ் நினைக்கிறாள்: கணவனையும் சகோதரர்களையும் கொன்றவனுக்குப் படுக்கையைப் பகிர்வது எண்ணமுடியாத அளவு பெண்கள் செய்தது, நானும் செய்கிறேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஹோமரை நான் குறை சொல்லமாட்டேன். பத்தொன்பதாம் காண்டத்தில் அவளுக்கு அவர் பேச இடம் கொடுக்கிறார். பாட்ரோக்லஸ் பிணத்தின்மேல் விழுந்து அழுகிறாள். என் புருஷன் செத்த அன்று நீதான் என்னை அழவிடவில்லை, அக்கிலீஸுக்கு முறையாகக் கட்டிவைப்பேன், ஊருக்குக் கூட்டிப்போய்க் கல்யாண விருந்து வைப்பேன் என்றாயே, எப்போதும் என்னிடம் இதமாக இருந்தாயே. அவளோடு மற்றப் பெண்களும் அழுகிறார்கள். பாட்ரோக்லஸைச் சாக்கு வைத்து ஒவ்வொருத்தியும் தன் தன் துக்கத்துக்காக அழுதாள் என்கிறார் ஹோமர். எழவு வீட்டில் ஒப்பாரிக்கு உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

---

புதுவரவு | #10

இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இன்றுதான் கணக்கு தொடங்கினேன். மில்லரின் "சர்சி"யில் கடைசியில் மந்திரக்காரி சர்சி, ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸை விரும்புவது எனக்கு ஒட்டவே இல்லை. காதல் வேண்டும் என்பதற்காக வலிந்து சேர்த்ததுபோல் இருந்தது. அப்பாவோடு வாழ்ந்தவள் மகனோடு எப்படி?

---

பழையஏடு | #11

வரவேற்கிறேன். அது வலிந்து சேர்த்தது இல்லை. டெலகொனி என்று ஒரு பழைய காப்பியம் இருந்தது, சுருக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் சர்சிக்கும் ஒடிசியஸுக்கும் பிறந்த டெலகொனஸ் அப்பாவைத் தேடிவந்து, யாரென்று தெரியாமலே கொன்றுவிடுகிறான். அப்புறம் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி டெலகொனஸையும், சர்சி டெலமாக்கஸையும் கட்டிக்கொள்கிறார்கள். மில்லர் முதல் ஜோடியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்தார், அதை நம்பும்படி ஆக்கவும் செய்தார். நமக்கு விசித்திரமாகப் படுவது பல சமயம் பழையதுதான், நமக்கு இயல்பாகப் படுவதைத்தான் புதிதாகச் சேர்த்திருப்பார்கள். கிரீட் இளவரசி அரியாட்னியும் அப்படியே. ஹெசியட் சொல்வதில் டயோனைசஸ் அவளைக் கட்டிக்கொள்கிறான், சீயஸ் சாகாவரம் தருகிறார். ஒடிசியில் அதே டயோனைசஸ் சாட்சி சொல்லி ஆர்டெமிஸ் அவளைக் கொல்கிறாள். இதில் எது மூலம், எது திருத்தம் என்று யார் சொல்வது?

---

மாதுளம்பூ | #12

நாலு நாளாக எழுத முடியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் படித்தேன்.

ராத்திரிவாசகி, நீங்கள் அம்மாவாகப் படிக்கிறீர்கள் என்றீர்களே, முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான், வேறு எப்படிப் படிப்பேன்? பூட்டி வைக்கிற அம்மா உண்டு என்றதும் உண்மை. அந்த அம்மாவைப் பற்றி நாவல் வர வேண்டும், வரட்டும். ஆனால் அவளுக்கு டிமீட்டர் என்று பெயர் வைக்கும்போதுதான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் டிமீட்டர் அதைச் செய்யவில்லை. கதையில் பெண்ணைப் பூட்டினவன் வேறு. பறித்தவனை நல்லவனாக்க வேண்டுமென்றால் அவள் எதிலிருந்தோ தப்பிக்க வேண்டியிருக்கிறது, தப்பிக்க வேறு ஆள் கிடைக்காமல் அம்மாவைப் பிடிக்கிறார்கள். சம்மதம் கொடுத்த அப்பா சீயஸ் அங்கேயே இருக்கிறாரே? ஒவ்வொரு முறையும் அம்மா ஏன்?

வெண்கலமணி சொன்ன அந்த இரண்டு பெண்கள் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள். நான் சொல்லத் தெரியாமல் சொன்னதை நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள்.

கிரேக்க நாட்டில் வெர்ஜினா என்ற ஊரில் ஒரு கல்லறை இருக்கிறது, 1977இல் ஆண்ட்ரோனிகோஸ் தோண்டி எடுத்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம். பழையஏடு அண்ணா கிண்ணத்தைப் பற்றி எழுதினதும் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேர் பறக்கிறது, ஹேடீஸ் ஒரு கையால் அவளை இறுக்கியிருக்கிறான், அவள் பின்னால் சாய்ந்து இரண்டு கையையும் வெளியே நீட்டுகிறாள், தோழி ஒருத்தி பயத்தில் தரையோடு ஒடுங்கியிருக்கிறாள். பக்கத்துச் சுவரில் ஒரு பெண் தனியாகப் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். டிமீட்டர். தேர் ஒரு சுவரில், அம்மா வேறு சுவரில். வரைந்தவருக்கு அந்த அம்மா கதைக்குள் இருந்தாள்.

இன்னொன்று. துதியில் இரண்டு பேரும் மறுபடி பார்க்கும்போது, கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்கு மனசில் ஏதோ பொறி தட்டுகிறது, அணைப்பை விட்டுவிட்டு முதலில் என்ன கேட்கிறாள் தெரியுமா? அங்கே ஏதாவது சாப்பிட்டாயா? தினம் ராத்திரி ஹாஸ்டலுக்குப் போன் போட்டு நான் கேட்பதும் அதுதான். எனக்கு, சாப்பிட்டேன் என்று பதில் வந்தால் நிம்மதி. டிமீட்டருக்கு, சாப்பிட்டேன் என்று வந்தால் எல்லாம் போச்சு. ஒரே கேள்வி. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

---

ராத்திரிவாசகி | #13

அக்கா, நேற்று உட்கார்ந்து துதியை முழுசாகப் படித்தேன். இவ்வளவு வருஷம் இந்த ஜோடியைப் பற்றிப் பேசிவிட்டு மூலத்தைப் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

தேரில் போகும்போது, பூமியும் வானமும் கடலும் வெயிலும் கண்ணில் தெரிகிற வரைக்கும் அம்மாவைப் பார்ப்போம் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது என்று வருகிறதே, அந்த வரியை நான் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் சூரியதேவன் ஹீலியஸ். எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்தவர், அம்மா வந்து கேட்டதும் உண்மையைச் சொல்கிறார், சொல்லிவிட்டு, அழாதே, மாப்பிள்ளை ஒன்றும் சோடையில்லை, உன் கூடப்பிறந்தவன்தானே, பெரிய பங்குக்குச் சொந்தக்காரன் என்கிறார். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். கோபத்தில் கை நடுங்கியது.

நான் இன்னும் உங்கள் பக்கம் முழுசாக வரவில்லை. அவளுக்கு ஆசை இருந்ததாக எழுதுகிற நாவல் எனக்கு வேண்டும். ஆனால் அம்மாவையும் விட்டுவிடாத ஒன்று வேண்டும். மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று அவளை அவர்கள் பிரித்தபோது அவள் மனசு எப்படிப் பிரிந்தது, அதை யாராவது எழுதட்டும். மில்லர் அடுத்து பெர்சிஃபனியைத்தான் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், காத்திருக்கிறேன்.

---

மாதுளம்பூ | #14

நானும் காத்திருப்பேன்.

இன்றைக்கு மகளோடு போனில் துதியைப் படித்தோம், அவள் ஆங்கிலத்தில் படிக்க, நான் கேட்டுக்கொண்டே சமையல் செய்தேன். இது காதல் கதைதான் அம்மா, நீ சொன்னது சரி என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. ராத்திரிவாசகி #2இல் எழுதினதைத்தான் அவளும் முதலில் சொன்னாள், இவளை யாருமே ஒன்றும் கேட்கவில்லையே என்று. அப்புறம் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, இவள் இரண்டு தடவை குதிக்கிறாள், கவனித்தாயா?" என்றாள். ஹேடீஸ், அம்மாவிடம் போ என்று சொன்னதும் சந்தோஷத்தில் குதித்து எழுந்திருக்கிறாள். தேர், அம்மா இருக்கிற கோவில் வாசலுக்கு வந்ததும் மறுபடி குதித்து ஓடுகிறாள். "யாரும் இறக்கிவிடவில்லை பார், அவளேதான்."

நான் எத்தனை முறை படித்தும் அம்மா ஓடி வருவதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

---

பழையஏடு | #15

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தத் துதிக்கு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் உண்டு, 1777இல் மாஸ்கோவில் கிடைத்தது, இப்போது நெதர்லாந்தின் லைடனில் இருக்கிறது. இரண்டு பேரும் சந்திக்கிற அந்த இடத்தில்தான் ஏடு கிழிந்திருக்கிறது. பல வரிகளில் பாதி இல்லை, பதிப்பித்தவர்கள் ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள். தேரை விட்டு என்பதெல்லாம் ஊகம். ஆனால் குதித்தாள், ஓட என்ற சொற்கள் ஏட்டில் மிஞ்சியிருக்கின்றன.